பிறர் பாட்டும் பேர்ட்ஸ் குழுவும்

பேர்ட்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவினர் தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டுகளைத் தாங்களே எழுதவில்லை. முதல் வெற்றிப் பாட்டில் குழுவிலிருந்து ஒருவரைத் தவிர வேறு யாரும் வாத்தியம் வாசிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த ஒருவரைத் தவிர எல்லோரும் மாறிவிட்டார்கள். அப்படியிருக்க, அமெரிக்க ஃபோக் ராக் (நாட்டார் பாட்டும் ராக் இசையும் கலந்த வகை) என்றதும் இவர்கள் பெயரை முதலில் சொல்வது ஏன், கேட்பதென்றால் எதிலிருந்து தொடங்குவது என்பது வாசகர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியில் சொல்லப்பட்ட மூன்று தகவல்களிலும் பெருமளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பாட்டை எழுதியவருக்கும் பாடியவருக்கும் பெருமை தருகிறோம். அதை எடுத்து, பிரித்து, வேறொரு வடிவில் கட்டித் தருபவருக்கு என்ன தருவது? மேற்கத்திய கிதார் கற்றுக்கொடுப்பதைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருப்பதால், அந்தக் கட்டுமானத்தைப் பற்றி ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும். குழுவின் உள்விவகாரங்கள் அப்படியல்ல. அங்கே நமக்குக் கிடைப்பவை அதில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன வாக்குமூலங்கள். அவை ஒன்றோடொன்று மோதும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

இக்குழு 1964-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உருவானது. அதைத் தொடங்கிய மூவருமே நாட்டார் பாடல் மேடைகளிலிருந்து வந்தவர்கள். ஜிம் மெக்வின் சிகாகோவில் பிறந்து, அங்கேயிருந்த ஓல்டு டவுன் நாட்டார் இசைப் பள்ளியில் பான்ஜோவும் பன்னிரண்டு தந்தி கிதாரும் கற்றவர். லைம்லைட்டர்ஸ், சாட் மிட்செல் ட்ரையோ போன்ற குழுக்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துத் தேர்ந்தவர். (1967-இல் அவர் தம் பெயரை ரோஜர் என்று மாற்றிக்கொண்டார்; இருவர் என்று மயங்க வேண்டாம்.) ஜீன் கிளார்க் மிசூரி மாநிலத்துக்காரர், நியூ கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ் என்ற பெரிய பாடகர் குழுவில் இருந்து சலித்து வெளியேறியவர். டேவிட் கிராஸ்பி லாஸ் ஏஞ்சலஸ்காரர். பீட்டில்ஸ் குழுவின் புயல் அமெரிக்காவைத் தாக்கிய ஆண்டு அது. மூவரும் ட்ரூபடோர் என்ற இசை விடுதியில் சந்தித்து, நாட்டார் பாட்டுக்குரிய சொல்லையும் பீட்டில்ஸுக்குரிய தாளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். புளூகிராஸ் என்ற கிராமிய இசையில் மாண்டலின் வாசித்துக்கொண்டிருந்த கிறிஸ் ஹில்மன் கையில் பேஸ் கிதார் கொடுக்கப்பட்டது. டிரம்ஸ் வாசிக்கச் சேர்க்கப்பட்ட மைக்கேல் கிளார்க்கிடம் தொடக்கத்தில் டிரம்ஸே கிடையாது. அட்டைப்பெட்டிகளைத் தட்டித்தான் பயிற்சி செய்தார். (இனி வெறுமனே கிளார்க் என்றால் ஜீன் கிளார்க்.) ஆக, மின்சார இசையில் அனுபவமில்லாத ஐந்து பேர். மேலாளர் ஜிம் டிக்சனுக்கு வேர்ல்டு பசிபிக் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை இரவு வேளைகளில் பயன்படுத்தும் வசதி இருந்தது. அங்கே பாடி, பதிவு செய்து, தங்கள் குரலைத் தாங்களே திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அக்காலத்தில் பெயரில்லாத ஒரு குழுவுக்கு இது அரிய சலுகை.

டிக்சன்தான் நாட்டார் பாடகர் பாப் டிலன் இன்னும் வெளியிடாமல் வைத்திருந்த 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டின் மாதிரிப் பதிவைக் கொண்டுவந்தார். குழுவுக்கு, குறிப்பாக கிராஸ்பிக்கு, அது பிடிக்கவில்லை. பிடிக்காததில் வியப்பில்லை. நான்கு நீண்ட பத்திகளும் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட அந்தப் பாட்டை அன்றைய வானொலி ஒலிபரப்பியிருக்காது. மெக்வின் செய்த வேலையைப் படிப்படியாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது. முதலில், டிலன் இரண்டு எண்ணிக்கையில் நடத்திச் சென்ற பாட்டை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றினார். அதனால் சொற்களுக்கு நடுவே மூச்சுவிட இடம் கிடைத்தது, கேட்பவரின் கால்களும் அசையத் தொடங்கின. அடுத்து, நான்கு பத்திகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் இருபுறமும் பல்லவியைப் பொருத்தினார். பாட்டு இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. மூன்றாவதாக, தொடக்கத்தில் சில நொடிகளே நீளும் ஒரு கிதார் முகப்பை இயற்றினார். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய ஒரு தேவாலய இசையின் நடை அப்போது தம் மனதில் இருந்தது என்று அவர் பின்னர் கூறியிருக்கிறார். டிலனின் மூலத்தில் அந்த முகப்பு கிடையாது. இன்று அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னால் பலருடைய காதில் முதலில் ஒலிப்பது டிலன் எழுதாத அந்த முகப்புத்தான்.

1965 ஜனவரி 20 அன்று கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அது பதிவானபோது நடந்ததுதான் நீங்கள் குறிப்பிடும் இரண்டாவது தகவல். தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர் இளம் குழுவின் வாசிப்பை நம்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் தேர்ந்த ஸ்டூடியோ கலைஞர்களை அழைத்தார்: டிரம்ஸுக்கு ஹால் பிளெய்ன், பேஸுக்கு லாரி நெக்டல், மின் பியானோவுக்கு லியான் ரசல், துணைக் கிதாருக்கு ஜெர்ரி கோல். குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் மெக்வின் மட்டும். பாடியவர்கள் மெக்வின், கிளார்க், கிராஸ்பி. இது முழுக்க உறுதியான செய்தி. ஆனால் இதிலிருந்து கிளைத்த ஒரு வதந்தி, முதல் ஆல்பம் முழுவதையும் வெளியாட்களே வாசித்தார்கள் என்பது, தவறு. அந்த ஏற்பாடு அந்தப் பாட்டோடும் அதே இசைத்தட்டின் மறுபக்கத்துப் பாட்டோடும் முடிந்துவிட்டது. ஆல்பத்தின் மற்றப் பாட்டுகள் அனைத்தையும் ஐவருமே வாசித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெரியும். ஸ்டூடியோ கலைஞர்களின் தாளம் வழுக்கிக்கொண்டு போகிறது, ஐவரின் தாளம் சற்றே முரடாக, முன்னும் பின்னும் அசைந்து வருகிறது. எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும். ஸ்டூடியோ கலைஞர்கள் மூன்று மணி நேரத்தில் இரண்டு பாட்டுகளை முடித்ததாகவும், பின்னர் குழுவே வாசித்த 'டர்ன் டர்ன் டர்ன்' பாட்டுக்கு 77 முறை முயன்றதாகவும் மெக்வின் மேடைதோறும் சொல்லிவருகிறார். மேடையில் பலமுறை சொல்லப்பட்ட எண் என்பதால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வேறுபாடு பெரிது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டு ஏப்ரலில் வெளியாகி, ஜூன் மாதம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, பிரிட்டனிலும் முதலிடம். இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று கவனிக்க வேண்டும். டிலன் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் மின் கிதாரோடு மேடையேறி ரசிகர்களைக் கொந்தளிக்கவைத்தது ஜூலை 25 அன்று, அதாவது பேர்ட்ஸ் பாட்டு முதலிடம் பிடித்த பிறகு. டிலன் அதற்கு முன்பே மின் வாத்தியங்களோடு பதிவு செய்திருந்தார் என்பது உண்மை. ஆகவே பேர்ட்ஸைப் பார்த்துத்தான் அவர் மாறினார் என்று சொல்வது மிகை. ஆனால் அவருடைய சொற்கள் வானொலியில் மின் கிதாரோடு ஒலித்தால் கோடிக்கணக்கானோர் கேட்பார்கள் என்று முதலில் காட்டியவர்கள் இவர்களே. 'ஃபோக் ராக்' என்ற பெயரைப் பத்திரிகைகள் பரவலாக வழங்கத் தொடங்கியதும் இந்தக் கோடையில்தான்.

கிதார் ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவர்கள் கையெழுத்து அதில்தான் இருக்கிறது. பீட்டில்ஸ் நடித்த முதல் திரைப்படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு தந்தி மின் கிதாரைப் பார்த்த மெக்வின், அதே வகைக் கிதார் ஒன்றை வாங்கினார். பன்னிரண்டு தந்திகள் என்றால் ஆறு இணைகள். கீழ்ச் சுருதிக்குரிய நான்கு இணைகளில் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். மேலிரண்டு இணைகளில் இரண்டும் ஒரே சுருதி. வழக்கமான பன்னிரண்டு தந்தி கிதாரில் கை கீழிறங்கும்போது மேல் ஸ்தாயித் தந்தி முதலில் அடிபடும். ரிக்கன்பேக்கரில் இந்த வரிசை தலைகீழ். தடித்த தந்தி முதலில் ஒலிக்க, மெல்லிய தந்தி அதன்மேல் ஏறி வருகிறது. ஹாரிசன் அதைத் தனி வரிகளுக்கும் சில சுரக்கூட்டுகளுக்கும் பயன்படுத்தினார். மெக்வினோ பான்ஜோக்காரர். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே பட்டையான மீட்டுவில்லையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த இரு விரல்களில் உலோக விரலணிகளை மாட்டிக்கொண்டு, பான்ஜோவின் உருட்டு நடையை அப்படியே மின் கிதாருக்குக் கொண்டுவந்தார். மின் கிதாரின் சுரம் சீக்கிரம் மங்கிவிடும். அதைச் சமாளிக்கக் கொலம்பியாவின் ஒலிப்பதிவாளர்கள் கம்ப்ரஸர் என்ற கருவியின் வழியாக ஒலியைப் பலமாக இறுக்கினார்கள். உரத்த பகுதி அடங்கி, மங்கும் பகுதி மேலே தூக்கப்பட்டதால் சுரங்கள் அறுபடாமல் நீண்டன. என்னிடம் பயில வருபவர்கள் சரியான கிதாரை வாங்கிக்கொண்டு வந்தும் அந்த ஒலி வரவில்லையே என்று வருந்துவது வழக்கம். அந்த ஒலி கிதார், விரல் பழக்கம், கம்ப்ரஸர் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வரும். ஒன்று குறைந்தாலும் அவர்கள் கிதாரின் அந்த மணியோசை கிடைக்காது.

குரல்களின் அமைப்பும் அதே அளவு எளிமையானது, அதே அளவு ஏமாற்றக்கூடியது. கேட்கும்போது நான்கைந்து குரல்கள் அடுக்கடுக்காக ஒலிப்பதுபோல் தோன்றும். உண்மையில் பல பாட்டுகளில் மெக்வினும் கிளார்க்கும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாட, கிராஸ்பி ஒருவர்தான் மேலே தனி வழியில் போகிறார். அவர் மெட்டுக்கு இணையாக ஒரே இடைவெளியில் ஓடுவதில்லை. சில இடங்களில் நின்றுவிடுகிறார், சில இடங்களில் மெட்டை நெருங்கி உரசுகிறார். அந்த நகர்வுதான் இந்த இரு வழிகளுக்கு மேலாக மூன்றாவது வழி ஒன்று இருப்பதான மயக்கத்தைத் தருகிறது. 'டர்ன் டர்ன் டர்ன்' பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். விவிலியத்தின் சபை உரையாளர் நூலிலிருந்து சொற்களை எடுத்து நாட்டார் பாடகர் பீட் சீகர் மெட்டமைத்த பாட்டு அது. பாடகி ஜூடி காலின்ஸ் 1963-இல் வெளியிட்ட ஆல்பத்துக்காக மெக்வினே அதற்கு இசையமைப்பை ஒழுங்குபடுத்தித் தந்திருந்தார். இரண்டாண்டு கழித்து அதையே மறுபடி பிரித்துக் கட்டினார். 1965 டிசம்பரில் அது முதலிடத்தில் மூன்று வாரம் இருந்தது.

தாங்களே எழுதவில்லை என்ற தகவலை இங்கே திருத்திவிடுகிறேன். முதல் ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டுகளில் டிலனுடையவை நான்கு. ஜீன் கிளார்க் தனியாகவோ மெக்வினோடு சேர்ந்தோ எழுதியவை ஐந்து. 1966, 1967-இல் வந்த ஆல்பங்களில் பெரும்பான்மை குழுவினரின் சொந்தப் பாட்டுகளே. ஆனால் வெற்றி பெற்றவை பிறருடையவை, சொந்தப் பாட்டுகள் ஆல்பத்துக்குள் இருந்தவை என்ற நிலையிலிருந்து குழுவின் முதல் விரிசல் தொடங்கியது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலில் ஒரு பாட்டுக்கான ராயல்டியில் இயற்றியவரின் பங்கு தனியாக, பாடியவரின் பங்கிலிருந்து வேறாக வரும். அந்தப் பங்கு, இசைத்தட்டின் தயாரிப்புச் செலவில் கழிக்கப்படுவதில்லை. புதிய பாட்டாக எழுதினால் காசு. இருக்கும் பாட்டைப் புதிதாகக் கட்டினால் அந்தப் பங்கில் ஒன்றுமில்லை. ஆகவே 1965-இல் மற்ற நால்வரைவிட கிளார்க்குக்கு வெளிப்படையாகத் தெரியும் அளவுக்கு அதிக வருமானம் வந்தது. மற்றவர்களுக்கு அதில் மனக்கசப்பு இருந்தது என்பதை அவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழுவின் உண்மையான திறமை எதில் இருந்ததோ அதற்குத் தொழில் காசு தரவில்லை. இதன் பிறகு நடந்த சண்டைகளில் பலவற்றை இந்த ஒரு முரணை வைத்துப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து. ஆல்பத்தில் யாருடைய பாட்டு இடம்பெறும் என்பதே அவர்களுக்குள் ஓயாத வழக்காக இருந்தது.

1966 மார்ச்சில் வந்த 'எய்ட் மைல்ஸ் ஹை' இந்திய வாசகர்களுக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. அவர்கள் பயிற்சி செய்த வேர்ல்டு பசிபிக் கூடம் ரிச்சர்டு பாக் என்பவருடையது; பண்டிட் ரவிசங்கரின் இசையை அமெரிக்காவில் வெளியிட்டுவந்த நிறுவனமும் அவருடையதே. அந்தத் தொடர்பின் வழியாக ரவிசங்கரின் இசைத்தட்டுகளில் மூழ்கியவர் கிராஸ்பி. 1965 இறுதியில் நடந்த சுற்றுப்பயணம் முழுவதும் ரவிசங்கரின் இசையும் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் பதிவுகளும் அவர்கள் வண்டியில் திரும்பத் திரும்ப ஒலித்தன. கோல்ட்ரேன் 'இந்தியா' என்றே பெயரிட்டு 1961-இல் ஒரு படைப்பை வாசித்திருந்தார். ரவிசங்கர் மீதிருந்த மதிப்பால் 1965-இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டவர் அவர். 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டின் தொடக்கத்தில் ஹில்மனின் பேஸ் ஒரே ஆதாரத்தில் நின்று துடிக்க, மெக்வினின் கிதார் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன் போலத் திக்கித்திக்கிப் பாய்ந்து ஏறுகிறது. சுரக்கூட்டுகள் அடிக்கடி மாறாமல் ஓர் ஆதார சுருதியின் மேல் சுரங்கள் விரிவதால், சுருதியோடு பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பத்திரிகைகள் இதை 'ராகா ராக்' என்றன. மெக்வின் செய்தியாளர் சந்திப்பில் சித்தாரும் கையுமாகக் காட்சியளித்தார். அதனால் பாட்டில் சித்தார் இருக்கிறது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். கிடையாது, எல்லாம் ரிக்கன்பேக்கர்தான். ஜார்ஜ் ஹாரிசனுக்கு ரவிசங்கரை அறிமுகப்படுத்தியவர்கள் இவர்களே என்ற செய்தியும் உண்டு. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பீட்டில்ஸ் தங்கியிருந்த வீட்டில் அந்தப் பேச்சு நடந்தது என்பதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் ஹாரிசன் அதற்கு முன்பே ஒரு படப்பிடிப்பில் சித்தாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். ஆகவே சித்தாரை அவருக்குக் காட்டியது பேர்ட்ஸ் என்பது தவறு, ரவிசங்கரின் பெயரை வலியுறுத்தியவர்களில் இவர்கள் உண்டு என்பது சரி.

இந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 14-ஆம் இடத்தோடு நின்றது. வானொலி நிலையங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு வாரச் செய்திமடல், இது போதைப்பொருளைப் புகழ்கிறது என்று எச்சரித்ததால் பல நிலையங்கள் கைவிட்டன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பாட்டு லண்டனுக்குச் சென்ற விமானப் பயணத்தைப் பற்றியது என்று குழு மறுத்தது. பல ஆண்டுகள் கழித்து கிளார்க்கும் கிராஸ்பியும் இரண்டு பொருளும் அதில் உண்டு என்ற தொனியில் பேசினார்கள். தடையால் மட்டுமே அது சரிந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அன்றைய வானொலியின் காதுக்கு அது மிகக் கடினமான பாட்டு. அதோடு, அதை எழுதியதில் முதன்மைப் பங்கு வகித்த ஜீன் கிளார்க் அது வெளியான நேரத்தில் குழுவிலேயே இல்லை. நியூயார்க் செல்லும் விமானத்தில் ஏறியவர் பதற்றத்தில் இறங்கிவிட்டார் என்பது பலரும் உறுதிப்படுத்தும் நிகழ்ச்சி. விமான பயம் மட்டும் காரணமல்ல, வருமானம் பற்றிய கசப்பும் சேர்ந்து அவரை நொறுக்கியது என்பது பலருடைய கணிப்பு. பேர்ட்ஸ் பாடிய பாட்டுகளில் துயரத்தின் கனம் உள்ளவை பெரும்பாலும் கிளார்க்குடையவை. அவர் போனபின் குழு இழந்தது அதைத்தான்.

1967-ஐச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 'யங்கர் தேன் யெஸ்டர்டே' ஆல்பத்தில் ஹில்மன் திடீரெனப் பாட்டெழுதுபவராக வெளிப்பட்டார். அதில் ராக் நட்சத்திரமாவது எப்படி என்று கேலி செய்யும் பாட்டுக்குத் தென்னாப்பிரிக்க டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலா வாசித்தார். கிராஸ்பிக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துவரவில்லை. ஜூனில் நடந்த மான்டரே இசை விழா மேடையில் அவர் கென்னடி படுகொலை பற்றிப் பேசியதும், போட்டிக் குழுவான பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டோடு மேடையேறியதும் எரிச்சலைக் கூட்டின. தம் பாட்டு ஒன்றை ஒதுக்கிவிட்டு வேறொரு எழுத்தாளர் இணையின் பாட்டை எடுத்ததில் அவர் முரண்டு பிடித்தார். அக்டோபரில் மெக்வினும் ஹில்மனும் அவர் வீட்டுக்கே சென்று விலக்கினார்கள். கிளார்க் மூன்று வாரம் திரும்பி வந்து, மறுபடி போனார். மைக்கேல் கிளார்க்கும் அந்த ஆண்டோடு விலகினார். இத்தனை இடிபாடுகளுக்கு நடுவே பதிவாகி 1968 ஜனவரியில் வந்த 'நொட்டோரியஸ் பேர்ட் பிரதர்ஸ்' ஒரு பிசிறும் இல்லாத ஆல்பமாக இருப்பது எனக்கு இன்றும் வியப்பு. அதன் அட்டையில் நான்கு சாளரங்கள். மூன்றில் மனிதர்கள், நான்காவதில் குதிரை. குதிரை தன்னைக் குறிக்கிறது என்று கிராஸ்பி கோபப்பட்டார். தற்செயல் என்றார் மெக்வின். கிராஸ்பியின் கோபத்தில் நியாயம் இருந்திருக்கலாம்.

அடுத்து நடந்தது, ஒரே ஒருவர் மிஞ்சியும் குழு ஏன் குழுவாகவே இருந்தது என்பதைக் காட்டும். வெற்றிடத்தை நிரப்ப 21 வயது கிராம் பார்சன்ஸைச் சேர்த்தார்கள். அவருக்குத் தென்மாநிலக் கண்ட்ரி இசைமேல் வெறி. ஹில்மனுக்கும் அது தாய்வீடு. மெக்வின் அமெரிக்க இசை வரலாற்றையே நாட்டார் பாடல் தொடங்கி மின்னணு இசை வரை ஒரே இரட்டை ஆல்பமாகச் செய்ய நினைத்திருந்தார். புதியவர் குழுவையே நாஷ்வில் நகருக்கு இழுத்துக்கொண்டு போனார். 1968 மார்ச்சில், கண்ட்ரி இசையின் கோயிலாகக் கருதப்படும் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியில் நீளமுடிக்காரர்கள் மேடையேறியபோது அவையிலிருந்து ஏளனக் குரல்கள் எழுந்தன. அறிவித்திருந்த, கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டின் பாட்டுக்குப் பதிலாகப் பார்சன்ஸ் தம் பாட்டைப் பாடியதில் அமைப்பாளர்களும் கொதித்தார்கள். ஆகஸ்டில் வெளியான 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' ஆல்பம் 77-ஆம் இடத்தைத்தான் தொட்டது. ராக் ரசிகர்கள் கண்ட்ரியை வெறுத்தார்கள், கண்ட்ரி ரசிகர்கள் இவர்களை வெறுத்தார்கள். பிற்காலத்தில் ஈகிள்ஸ் உள்ளிட்ட கலிஃபோர்னியக் குழுக்கள் கோடிக்கணக்கில் விற்ற இசைக்கு வழி வெட்டியது இந்த விற்காத ஆல்பம்.

இந்த ஆல்பத்தைச் சுற்றித் தீராத இரண்டு ஐயங்கள் உண்டு. பார்சன்ஸ் பாடிப் பதிவான சில பாட்டுகளில் அவர் குரலை நீக்கிவிட்டு மெக்வின் மறுபடி பாடினார். பார்சன்ஸுக்கு வேறொரு நிறுவனத்தோடு பழைய ஒப்பந்தம் இருந்தது, அந்த நிறுவனம் ஆட்சேபித்தது என்பது உறுதி. சிக்கல் தீர்ந்த பிறகும் அவர் குரல்கள் முழுமையாகத் திரும்ப வைக்கப்படாததற்கு, புதியவர் ஆல்பத்தைத் தனதாக்கிக்கொள்வதில் இருந்த சங்கடமும் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். பார்சன்ஸ் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். இரண்டாவது, அவர் ஜூலையில் லண்டனில் குழுவைவிட்டு நின்றது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குக் குழு செல்லவிருந்த இசைப் பயணத்தில் போக மாட்டேன் என்பதே அவர் கூறிய காரணம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸோடு ஏற்பட்ட நட்பில் லண்டனிலேயே தங்கிவிட விரும்பினார் என்பது ஹில்மனின் நம்பிக்கை. இரண்டும் ஒரே மனிதரின் மனதில் இருந்திருக்கலாம். எந்தக் காரணமாக இருந்தாலும், போகாதவர் செய்தது சரி. போன மற்றவர்களுக்கு அந்தப் பயணம் அவமானமாகவே முடிந்தது.

அதன்பிறகு ஹில்மனும் விலகிப் பார்சன்ஸோடு சேர்ந்து ஃபிளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவைத் தொடங்கினார். மெக்வின் தனியரானார். 1968 முதல் 1973 வரையிலான பேர்ட்ஸைப் பல நூல்கள் இரண்டு பக்கத்தில் தள்ளிவிடும். கிதார்க்காரர்கள் தள்ள மாட்டார்கள். காரணம் கிளாரன்ஸ் வைட். புளூகிராஸில் கிதாரை முதன்மை வாத்தியமாக உயர்த்திய அவர் மின் கிதாருக்கு வந்தபோது, தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்க இடது கையில் விரல் போதவில்லை. குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜீன் பார்சன்ஸ் ஒரு பொறியை வடிவமைத்தார் (கிராம் பார்சன்ஸுக்கு இவர் உறவல்ல). கிதாரைக் கீழே அழுத்தினால் தோள்வார் இழுபட்டு, உள்ளிருக்கும் நெம்பு ஒரு தந்தியை முழுச் சுரம் மேலே இழுக்கும். 'ஸ்டிரிங்பெண்டர்' என்ற அந்தப் பொறி இன்றும் நாஷ்வில் கிதார்களில் பொருத்தப்படுகிறது. ஸ்டூடியோவில் தடுமாறினாலும் மேடையில் இந்தக் குழுதான் பேர்ட்ஸ் பெயரில் இயங்கியவற்றிலேயே திறமையானது. முதல் ஐவர் நேரில் வாசிப்பதில் சுமார்தான் என்பதை அவர்களே மறுக்கவில்லை. 1971-இல் வந்த 'பேர்ட்மேனியாக்ஸ்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் சேர்த்த வயலின்களும் ஊதுவாத்தியங்களும் குழுவுக்கே பிடிக்காமல் போனது மட்டும் சொல்லத்தக்கது.

1973-இல் மெக்வின் குழுவைக் கலைத்தார். முதல் ஐவரும் மறுபடி கூடிச் செய்த ஒரு ஆல்பம் அதே ஆண்டு வெளிவந்தது. விற்றது, ஆனால் மணியோசைக் கிதார் அதில் அரிதாகவே ஒலிக்கிறது. ஜூலையில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதிக் கிளாரன்ஸ் வைட் இறந்தார். செப்டம்பரில் கிராம் பார்சன்ஸ் மறைந்தார். எண்பதுகளில் மைக்கேல் கிளார்க் பேர்ட்ஸ் பெயரில் மேடை ஏறியதால் பெயருக்காக வழக்கு நடந்தது. 1991 ஜனவரியில் ராக் அண்டு ரோல் புகழ்க்கூடத்தில் ஐவரும் சேர்ந்து நின்றார்கள். மே மாதம் ஜீன் கிளார்க்கும் 1993-இல் மைக்கேல் கிளார்க்கும் இறந்தார்கள். கிராஸ்பி 2023 ஜனவரியில் மறைந்தார். காசைப் பற்றி நான் மேலே சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு: 2000-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்த மெக்வின், முதலிடம் பிடித்த அந்த இரண்டு பாட்டுகளுக்கும் ஐவரும் பகிர்ந்துகொண்ட முன்பணமாகிய சில ஆயிரம் டாலர்களைத் தவிர இசைத்தட்டு ராயல்டியாக எதுவும் பார்க்கவில்லை என்றார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு: 1967-இல் வெளிவந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பின் பதினொரு பாட்டுகள் போதும். டிலனின் மூலத்தை ஒருமுறை, பேர்ட்ஸின் வடிவத்தை உடனே ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். அடுத்து 'நொட்டோரியஸ் பேர்ட் பிரதர்ஸ்' ஆல்பத்தை இடைவெளியில்லாமல் முழுதாகக் கேட்க வேண்டும். கிளாரன்ஸ் வைட்டுக்காக 1970-இல் வந்த 'அன்டைட்டில்டு' இரட்டை ஆல்பத்தின் மேடைப் பதிவு. அதில் 'எய்ட் மைல்ஸ் ஹை' பதினாறு நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடுகிறது. 'ஸ்வீட்ஹார்ட்' ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெக்வின் பாடி வெளியான வடிவத்தையும், பிறகு 1990-இல் வந்த பெட்டித் தொகுப்பில் சேர்க்கப்பட்ட பார்சன்ஸின் குரலையும் கேட்டால், அந்தப் பழைய சண்டையில் நீங்களும் ஒரு பக்கம் சேரலாம். நான் பார்சன்ஸ் பக்கம். மெக்வின் அந்தப் பாட்டுகளில் தெற்கத்திக்காரராக நடிக்கிறார், மற்றவர் அங்கேயே வளர்ந்தவர்.